வைத்திய பீடப் பிரவேசத்துக்கு ஆயத்தமாதல்

(எமது சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வைத்திய பீடத்துக்கு நல்ல முறையில் விண்ணப்பிப்பது எங்ஙனம் என்று பேசும்படி காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சிறிது நகைப்பு வந்தது. ஏனெனில் நமது நாட்டில் விண்ணப்பம் எழுதுவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. அதற்கு முன்னுள்ளதோ இரண்டரை ஆண்டு வேலை. பிரித்தானியாவிலே வைத்தியம் படிக்க விரும்பும் பிள்ளை நான்கு கல்லூரிகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். தனியே ஒரு நுண்ணறிவுப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். ஏன் வைத்தியம் படிக்க விரும்புகிறேன் என்று தன் கையால் எழுதவேண்டும். பின்பு நேர்முகத்துக்குப் போய் இருந்து பேசவும் வேண்டும். அமெரிக்காவிலே முதலில் ஒரு பட்டம் பெற்று, அதன் பின்னரே வைத்தியக் கல்லூரியின் வாசலை மிதிக்கலாம். இந்தியாவிலே நீட் என்னும் ஒரே பரீட்சை. 180 வினா, 720 புள்ளி. பிழையான விடைக்கு ஒரு புள்ளி கழிவு. நம்மிடத்திலோ நேர்முகமும் இல்லை, தன்னைப் பற்றி எழுதுவதும் இல்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் வருகின்ற ஓர் எண், நான்கு தசமதானத்தோடு கூடிய ஒரே ஓர் எண், உங்கள் தலைவிதியைத் தீர்க்கிறது. இது நன்றா தீதா என்பது வேறு விவாதம். முகத்தைப் பாராமலும் தகப்பன் பெயரைக் கேளாமலும் தெரிவு நடக்கிறது என்பது ஏழைப் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு என்பதை மட்டும் நான் மறுக்கமாட்டேன்.

வைத்தியக் கல்விக்கும் இந்தக் குடாநாட்டுக்கும் உள்ள உறவு புதியதன்று. யாழ்ப்பாணத்து அரசர் காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இங்கே எழுந்தன. மேலைத்தேச வைத்தியம் என்று பார்த்தாலும், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்து, அடுத்த ஆண்டே மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். அதே 1848இல்தான் வண்ணார்பண்ணையில் நாவலர் அவர்கள் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்கள் என்பதையும் நினைவுகூர்க. கொழும்பிலே வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870இல். அதற்கு இருபது ஆண்டுக்கு மேல் முன்னரே மானிப்பாயில் நம்மவர்கள் அங்காதிபாதம் கற்றுக்கொண்டிருந்தார்கள். கிறீன் வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோரைப் பயிற்றினார். அவர்களிற் பாதியளவினர் தமிழிலேயே பயின்றவர்கள். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் அச்சேறியது. 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது. சமயம் பரப்ப வந்தவர் அவர். அதில் நமக்கும் அவருக்கும் உடன்பாடில்லை. ஆனால் பாடை வேறானாலும் தொண்டு தொண்டே என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை சைவருக்கு உண்டு.

பின்னர் நெடுங்காலம் வைத்தியம் படிக்க வேண்டுமானால் கொழும்புக்கே ரயிலேற வேண்டியிருந்தது. சர்வகலாசாலை என்று நாம் அழைத்த அந்நாளில், எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டவேண்டும். 1962இல் பேராதனையிலும் ஒரு வைத்திய பீடம் உண்டாயிற்று. அதன் பின் நடந்ததை மூத்தோர் அறிவர். 1970-71ஆம் ஆண்டு அனுமதியின்போது, வைத்தியத்துக்குத் தமிழ் மொழி மாணவர் 400க்கு 250 புள்ளி பெற வேண்டியிருக்க, சிங்கள மொழி மாணவருக்கு 229 போதும் என்றாயிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்டப் பங்கீடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஒரு தலைமுறையின் மனத்தில் அது உண்டாக்கிய காயத்தின் விளைவுகளை நாடு முழுவதும் பின்னர் கண்டது. அதை இங்கே விரித்துரைக்க நேரமில்லை.

1974இல் யாழ்ப்பாண வளாகமும், 1978இல் அதன் வைத்திய பீடமும் உண்டாயின. இன்று நீங்கள் விண்ணப்பப் படிவத்திலே சாதாரணமாக நிரப்புகின்ற அந்தப் பெயரின் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறிந்திருத்தல் நன்று. 1987 ஐப்பசியில், தீபாவளி நாளன்று, இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குட் புகுந்து சுட்டதிலே வைத்தியரும் தாதியரும் ஊழியரும் நோயாளரும் மாண்டனர். 1989 புரட்டாதியில் உடற்கூற்றியற் பகுதியின் தலைவி டாக்டர் ராஜினி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார். 1990க்குப் பின் மின்சாரமில்லாத ஆண்டுகளிலே, மண்ணெண்ணெயும் கிட்டாதபோது தேங்காயெண்ணெய் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் நகரமே வெறுமையானது. பீடம் மூடி ஒழிந்துபோகவில்லை. ஆகவே "கரண்ட் போய்விட்டது, அதனால் படிக்கவில்லை" என்று எந்தத் தம்பியும் என்னிடம் சொல்லாதிருக்கக் கடவன்.

இனி விஷயத்துக்கு வருவோம். இசட் புள்ளி என்று எல்லோரும் பேசுகிறார்கள். அது என்ன என்று கேட்டால் பெரும்பாலார் வாய் திறப்பதில்லை. 2001ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த முறை இது. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்கு அவ்வாண்டு தோற்றிய எல்லாருடைய சராசரியையும் கழியுங்கள். மிச்சத்தை நியம விலகல் என்னும் எண்ணால் வகுங்கள். புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டுவது நியம விலகல். மூன்று பாடத்துக்கும் இவ்வாறு செய்து, கூட்டி மூன்றால் வகுத்தால் வருவதே உங்கள் எண்.

விளங்குவதற்காகச் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். உயிரியலில் சராசரி 52, நியம விலகல் 16 என்க. 84 புள்ளி பெற்ற மாணவிக்கு 32ஐ 16ஆல் வகுக்க 2 வரும். பௌதிகவியலில் சராசரி 36, நியம விலகல் 18 என்க. அங்கே 72 பெற்றாலே 2 வந்துவிடும். முன்னையது 'ஏ' சித்தி. பின்னையது 75க்குக் குறைந்தபடியால் 'பி' சித்தி. ஆனால் தெரிவிலே இரண்டும் ஒரே பெறுமதி. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். மூன்று 'ஏ' பெற்றும் வைத்திய பீடம் கிடையாமற் போவோர் உண்டு. அது அநியாயமன்று, கணக்கு. மற்றது, பாடம் கடினமென்று எல்லோரும் எதைக் கைவிடுகிறார்களோ, அதிலே முன்னேறுகிறவனுக்கே ஆதாயம் மிகுதி.

வேறொரு கணக்கும் பாருங்கள். ஒரு பிள்ளை உயிரியலில் 2.4, இரசாயனவியலில் 2.1, பௌதிகவியலில் 0.9 எடுக்கிறது. சராசரி 1.8. அடுத்த வீட்டுப் பிள்ளை மூன்றிலும் 1.9 எடுக்கிறது. எதிலும் முதலாவதாக வராத அடுத்த வீட்டுப் பிள்ளை முன்னே போய்விடும். நம் பிள்ளைகள் பிடித்த பாடத்தை மேலும் மேலும் படிப்பதிலே சுகம் காண்கிறார்கள். உயிரியல் வள நூலை நாலாம் முறை வாசிப்பது பௌதிகவியலுக்குப் பயந்து ஒளிக்கும் ஒளிப்பேயன்றிப் படிப்பன்று. மேலே நான் வைத்த எண்களின்படி, பௌதிகவியலில் ஒன்பது புள்ளி கூட எடுத்தால் அப்பாடத்தில் 0.5 ஏறும், முடிவான எண்ணிலே 0.17 அளவு ஏறும். வெட்டுப்புள்ளியின் அருகே நிற்பவருக்கு 0.17 என்பது எத்தனை பெரிய தூரம் என்று, 0.01ஆல் தவறியவரைக் கேட்டால் சொல்லுவார்.

அனுமதி வழங்கும்போது நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி முதலிய மாவட்டங்களின் வெட்டுப்புள்ளி பொதுவாக யாழ்ப்பாணத்துக்குக் கீழே நிற்கும். இதைக் கண்டு சில பெற்றோர், பிள்ளையின் பெயரை வன்னிப் பாடசாலையொன்றின் பதிவேட்டில் வைத்துவிட்டு, பிள்ளையை இங்கேயே ரியூட்டரிக்கு அனுப்புகிறார்கள். மாணவன் எம்மாவட்டத்தவன் என்பது அவன் கடைசி ஆண்டுகளில் எந்தப் பாடசாலையிற் படித்தான் என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. வரவுப் பதிவும் பார்க்கப்படும். சட்டம் கிடக்கட்டும். ஆசிரியர் இல்லாத, ஆய்வுகூடம் இல்லாத, மழைக்கு ஒழுகும் வகுப்பிலே இருந்து எழுதுகின்ற ஒரு வன்னிப் பிள்ளையின் இடம் அது. அதைக் களவாக எடுத்துக்கொண்டு போய், உயிர் காக்கும் தொழிலைக் கற்பதென்றால், அந்தக் கல்வியின் அத்திவாரம் எப்படிப்பட்டது? 1974இல் நமக்கு அநீதி செய்தார்கள் என்று பேசுகின்ற அதே வாய் இதை நியாயப்படுத்தக் கேட்டிருக்கிறேன்.

படிக்கும் முறை பற்றி நான் நீளப் பேசப் போவதில்லை. உங்கள் ஆசிரியர்கள் என்னிலும் நன்றாக அறிவார்கள். சிலவற்றை மட்டும் வற்புறுத்துவேன். தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட உயிரியல் வள நூல்களே அப்பாடத்துக்கு எல்லை. அதற்கு அப்பால் ரியூட்டரிக் குறிப்புகளில் உள்ளவற்றை அறிவுக்காகப் படியுங்கள், ஆனால் முதலில் எல்லைக்குட்பட்டதை முடியுங்கள். பரீட்சைத் திணைக்களம் கடந்தகால வினாத்தாள்களுக்குப் புள்ளித் திட்டங்களையும், மாணவர் எங்கே தவறினர் என்னும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிடுகிறது. வினாத்தாளைப் பத்து முறை செய்தவர் பலர். அறிக்கையை ஒருமுறை வாசித்தவர் சிலர். அமைப்புக் கட்டுரையிலே எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்தச் சொல்லுக்கு இல்லை என்பது அங்கே பச்சையாக எழுதிக் கிடக்கிறது.

முதலாம் வினாத்தாளிலே 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 விநாடியும். பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் கணிகருவி கொண்டுபோக அனுமதியில்லை. கையால் பெருக்கவும் வகுக்கவும் மடக்கை அட்டவணை பார்க்கவும் பழகாதவன், பாடம் தெரிந்தும் நேரம் போதாமல் தோற்பான். வீட்டிலே கைத்தொலைபேசியில் கணக்குப் பார்த்துப் படிப்பது தன் காலைத் தானே வெட்டுவதாகும். தினமும் இருபது நிமிடம் வெறுங்கையால் கணக்குச் செய்யுங்கள். சிறு பிள்ளைகளின் வேலை என்று எண்ணவேண்டாம். இந்தியாவைப் போல இங்கே பிழையான விடைக்குக் கழிவு இல்லை. எனவே ஒரு வினாவையேனும் விடை குறிக்காமல் விடுவது வீண் பெருமை.

செய்முறைக்கெனத் தனிப் பரீட்சை இப்போது இல்லாதபடியால், ஆய்வுகூடத்தை எட்டியும் பாராமல் பலர் உயர்தரம் முடிக்கிறார்கள். இது பெரும் நஷ்டம். பௌதிகவியல் அமைப்புக் கட்டுரையில் பரிசோதனை வினாவே முதன்மையானது. வேணியர் இடுக்கியைக் கையால் தொட்டவனுக்கும், படத்திற் பார்த்தவனுக்கும் அந்த இடத்திலே வித்தியாசம் தெரியும். அளவியிலிருந்து துளி துளியாக விட்டு, காட்டியின் நிறம் மாறுகின்ற அந்த ஒரு துளியிலே கையை நிறுத்தியவன் நியமிப்பை மறக்கமாட்டான். பாடசாலையிலே ஆய்வுகூட உதவியாளரை நயந்து கேளுங்கள். ஐயா, அம்மா என்று கேட்டால் திறந்துவிடாதவர்கள் குறைவு.

ரியூட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் குறை கூறுவது மேடைப் பேச்சாளருக்கு எளிது. பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு அது ஒன்றே கதி என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் ஏறி, ஒரே பாடத்துக்கு இரண்டு இடம் ஓடி, இரவு எட்டுக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை, கேட்டதைத் தன் மனத்திலே இருத்தி அசைபோடுவது எப்போது? ஒரு பாடத்துக்கு ஓரிடம் போதும். கேட்ட ஒரு மணித்தியாலத்துக்குத் தனியே இருந்து ஒரு மணித்தியாலமாவது படிக்கவேண்டும். இரவு ஆறு மணித்தியாலத்துக்குக் குறைய உறங்குகிற பிள்ளையைப் பார்த்து "என் மகள் நித்திரையே கொள்ளுவதில்லை" என்று பெருமை பேசும் தாய்மாரே, உறக்கத்திலேதான் மூளை படித்ததை நிலைப்படுத்துகிறது. அந்தப் பெருமையை விட்டுவிடுங்கள்.

மொழி பற்றியும் கூறவேண்டும். கிறீன் வைத்தியர் காலத்திலே தமிழிலே வைத்தியமே படித்தோம்; இன்று உயர்தரம் வரை தமிழிலே படித்து, வைத்திய பீடத்தின் முதல் நாளிலே ஆங்கிலத்துக்கு மாறுகிறோம். குருதி, நாடி, இதயவறை என்று படித்தவன், ஆறு மாதத்துக்குள் இலத்தீனும் கிரேக்கமும் கலந்த ஆயிரம் சொற்களை விழுங்கவேண்டியிருக்கிறது. உயர்தரத்திலே முதல் வரிசையில் நின்ற பிள்ளைகள் அங்கே முதலாம் வருடத்தில் தடுமாறுவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. மொழிப் பயிற்சிக் குறைவே காரணம். பொது ஆங்கில வினாத்தாளின் புள்ளி இசட் கணக்கிற் சேராது என்பதால் அதைக் கைகழுவுகிறீர்கள். பரீட்சை முடிந்து பீடம் தொடங்குமுன் பல மாதங்கள் சும்மா கிடக்கின்றன. அக்காலத்திலே தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசித்து, தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதி ஒரு கொப்பி நிரப்பினாலே போதும். பொதுச் சாதாரணப் பரீட்சையையும் அலட்சியம் செய்யாதீர். அதிலே 30 புள்ளியேனும் பெறாவிட்டால் மூன்று பாடத்திலும் எவ்வளவு ஒளிவீசினாலும் பயனில்லை.

இப்போது பெற்றோருக்குச் சில சொல். கோபிக்க வேண்டாம். நம் ஊரிலே வைத்தியம் என்பது கல்வியாக மாத்திரமன்று, கலியாணச் சந்தையிலே ஒரு விலையாகவும் இருந்து வந்திருக்கிறது. டாக்டர் மாப்பிள்ளை என்றால் காணி எவ்வளவு, வீடு எங்கே, நகை எத்தனை பவுண் என்று பேரம் தொடங்கிவிடும். பதினாறு வயதுப் பையனை உயிரியற் பிரிவிலே தள்ளும்போது, அவனுக்கு இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருமா, நோயாளியின் முனகலைப் பொறுத்துக்கொள்ளும் மனம் உண்டா என்று கேட்பவர் யார்? கணிதத்திலே மனம் உள்ள பிள்ளை, தகப்பன் சொல்லுக்காக உயிரியல் எடுத்து மூன்று தடவை தோற்றி, இருபத்திரண்டு வயதிலே கோவில் வீதியிலே தலைகுனிந்து நடக்கிறான். அடுத்த வீட்டார் "இம்முறையும் இல்லையோ?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டாம் என்று இந்தச் சபையிலே கைகூப்பிக் கேட்கிறேன். பெறுபேறு வெளிவரும் வாரத்திலே தோல்வியடைந்த பிள்ளையைத் தனியே விடாதீர்கள். உணவைக் கொடுத்து, பக்கத்திலே இருந்து, வேறு கதை பேசுங்கள்.

வைத்தியத்திலே உண்மையான விருப்பம் உண்டா என்று அறிவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு விடுமுறை நாளிலே பெரியாஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவிலே, யாரையேனும் துணைக்கு அழைத்துச் சென்று, வரிசையிலே நின்று பாருங்கள். பிரபல சத்திரசிகிச்சை நிபுணரின் கைத்திறமையை அல்ல, பாதத்திலே நீரிழிவுப் புண்ணோடு தீவுப் பகுதியிலிருந்து விடிய எழும்பி வள்ளமேறி வந்து காத்திருக்கும் முதியவரைப் பாருங்கள். முதலுதவிப் பயிற்சி பெறுங்கள். நம் சங்கத்தின் இரத்ததான முகாமிலே கதிரை எடுத்துப் போடுங்கள். இதற்கு யாரும் புள்ளி தரமாட்டார்கள். படிவத்திலே இதை எழுதவும் இடமில்லை. ஆனாலும் ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதன்பின் நிபுணராவதற்கு மேலும் பல வருடம் என்னும் நீண்ட பாதையிலே இறங்குமுன், உங்கள் மனத்தை நீங்களே ஒருமுறை பரீட்சித்துக்கொள்ள இதைவிட வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. கோவிலிலே உழவாரம் பிடித்து வீதி செருக்கும் பிள்ளைக்குத் தொண்டு என்றால் என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மூன்று தடவை தோற்றலாம் என்பது விதி. மூன்றும் தோற்றியே தீரவேண்டும் என்பது விதியன்று. முதல் முறையிலே வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்தவர், எங்கே இழந்தோம் என்று அறிந்துகொண்டு இரண்டாம் முறை தோற்றுவது புத்தி. தூரத்திலே நின்றவர் அதே குறிப்பை அதே இடத்திலிருந்து மறுபடியும் படிப்பது புத்தியன்று. அப்படிப்பட்டவருக்கு வாசல்கள் அடைபட்டுவிடவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த வைத்தியப் படிப்பு உண்டு. கைதடியிலே அதற்கு ஆஸ்பத்திரியும் உண்டு. பரராசசேகரம் பிறந்த மண்ணிலே அதைக் கடைசித் தெரிவாக எண்ணுவது நமக்கு அழகன்று. தாதியியல், மருந்தாளுமை, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியனவும் இங்கேயே பட்டப்படிப்பாக உள்ளன. பல் வைத்தியமும் மிருக வைத்தியமும் பேராதனையில் உண்டு. ஆய்வுகூடத்திலே இரத்தத்தைச் சரியாகப் பார்த்துச் சொல்லும் ஒருவர் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய வைத்தியரும் கண்கட்டி நடப்பவரே.

இனி படிவம். பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு ஆண்டும் அனுமதிக் கைநூல் ஒன்றை வெளியிடும். விண்ணப்பம் இணையவழியே செய்யப்படுகிறது. கைநூலை முழுவதும் வாசியுங்கள். அண்ணன் சொன்னார், ரியூட்டரி சேர் சொன்னார் என்பதை வைத்து நிரப்பாதீர்கள். விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடும். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையிலே பழைய, புதிய பாடத்திட்டத்தாருக்கு இசட் புள்ளி கணித்த முறை பிழையென்று, 2012இல் உயர் நீதிமன்றம் வரை சென்று மறுபடியும் கணிக்க வேண்டிவந்தது. பரீட்சை மாதமும் 2020க்குப் பின் நிலையாக நிற்கவில்லை. முன்பு ஆவணியில் நடந்தது, மாசியிலும் தையிலும் கார்த்திகையிலும் நடந்திருக்கிறது. எனவே சென்ற ஆண்டுத் திகதியை நம்பி இருத்தல் ஆகாது.

பெயர்க் குழப்பம் நம்மவருக்கே உரிய தொல்லை. பிறப்புச் சான்றிதழிலே ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையிலே வேறொன்று, பாடசாலைப் பதிவேட்டிலே தகப்பன் பெயர் முன்னே, பரீட்சை அனுமதி அட்டையிலே பின்னே. இதைப் பத்தாம் வகுப்பிலேயே பார்த்துத் திருத்திவிடுங்கள். பெறுபேறு வந்தபின் கச்சேரிக்கும் கொழும்புக்கும் ஓடுகின்ற ஓட்டம் மிச்சமாகும்.

தெரிவு ஒழுங்கைப் பற்றிப் பலருக்கும் தப்பெண்ணம் உண்டு. ஒவ்வொரு பீடத்துக்கும் ஒவ்வொரு இலக்கம் உண்டு; உங்கள் விருப்பப்படி வரிசையாக இடவேண்டும். நாட்டிலே இப்போது பத்துக்கு மேற்பட்ட அரசாங்க வைத்திய பீடங்கள் உள்ளன. "கொழும்பை முதலில் போட்டால் யாழ்ப்பாணம் கிடையாமற் போகுமோ?" என்று அஞ்சி, சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து ஒழுங்கை மாற்றுகிறார்கள். வேண்டாம். உங்கள் எண்ணுக்கு எட்டக்கூடியவற்றுள், உங்கள் வரிசையில் மேலே நிற்பதே உங்களுக்கு வரும். ஆகவே உண்மையில் எங்கே படிக்க விரும்புகிறீர்களோ அதை முதலிலும், எதற்குப் போகமாட்டீர்களோ அதை எழுதாமலும் விடுங்கள். ஏனெனில் ஒன்றிலே பதிவு செய்தபின், இன்னொரு ஆண்டுப் பெறுபேற்றைக் காட்டி மீண்டும் தெரிவுக்கு வரமுடியாது என்னும் விதி இருக்கிறது. கோபத்தில் ஒன்றைப் பதிந்துவிட்டு, அடுத்த ஆண்டு வைத்தியம் கிடைக்கும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. படிப்புக்குக் கட்டணம் இல்லை. கன்னங்கரா அவர்கள் காலத்தில், 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் இது. வறிய பிள்ளைகள் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் அதே சமயத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தப் பகுதியை வெட்கத்தினால் வெறுமையாக விடவேண்டாம்.

கடைசியாக வெளிநாடு. வெட்டுப்புள்ளி தவறிய வாரத்திலேயே வீட்டுப் படலையைத் தட்டுகின்ற முகவர்கள் உண்டு. அந்த நாட்டிலே வைத்தியம், இந்த நாட்டிலே வைத்தியம், பணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். போய்ப் படித்து நல்ல வைத்தியராகத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். காணியை ஈடுவைத்து அனுப்பி, இடைநடுவிலே பிள்ளை திரும்பிவந்த வீடுகளையும் தெரியும். பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை இவை. அந்தக் கல்லூரி இலங்கை மருத்துவச் சபையால் ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று, முகவரிடம் அல்ல, சபையிடமே எழுத்திலே கேளுங்கள். உங்கள் உயர்தரப் பெறுபேறு சபை விதித்த ஆகக்குறைந்த தகைமைக்குப் போதுமா என்றும் அதே கடிதத்திலே கேளுங்கள். அது போதாவிட்டால் அங்கே எவ்வளவு நன்றாகப் படித்தாலும் இங்கே பதிவு கிடையாது. படித்து வந்தபின் இங்கே ஈ.ஆர்.பி.எம். என்னும் பரீட்சை சித்தியடைந்த பின்னரே உள்ளகப் பயிற்சி; அதற்குக் காத்திருக்கும் காலத்தையும் செலவோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். முகவர் தருகின்ற அச்சிட்ட தாளிலே இந்தப் பரீட்சை பெரும்பாலும் சின்ன எழுத்திலே இருக்கும், அல்லது இராது. கையொப்பமிடுமுன் அந்தத் தாளை, காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்குக் காட்டுவதுபோல, ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் வரி வரியாக வாசிப்பித்துக் கேளுங்கள்.

அனுமதிக் கைநூலின் தமிழ்ப் பிரதியொன்றும், கடந்த சில ஆண்டுகளின் வெட்டுப்புள்ளி அட்டவணையும் நமது வாசிகசாலையிலே வைக்கக் காரியதரிசி இசைந்திருக்கிறார். கேள்வி உள்ள தம்பி தங்கைமார் இப்போதே எழுந்து கேட்கலாம். சபையிலே கேட்கக் கூச்சமாயின், கூட்டம் முடிந்தபின் வாசலிலே நிற்பேன்.